பூச்சி கூட்டில், விஷம் கோழி மேல்!

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை எல்லோருக்கும் தெரியும். தமிழகக் கிராமங்களில் கோழிச் செள்ளுக்கு நடக்கும் வைத்தியம் அதற்கும் ஒரு படி மேல். இங்கே பாழாவது வீடு அல்ல, வீட்டுப் பிள்ளைகள் தின்னும் முட்டை!

காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். அடையில் உட்கார்ந்த கோழி பத்தாம் நாள் எழுந்து வெளியே நிற்கிறது. கொண்டை வெளுத்திருக்கிறது. கூடைக்குள் கையை விட்டால் முழங்கை வரை ஊர்கிறது, அரிக்கிறது. உடனே பருத்திக்கு அடித்து மிச்சம் வைத்த மருந்து ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு வாளி தண்ணீரில் ஒரு மூடி மருந்து. கோழியை அதில் முக்கி எடுத்து விட்டுவிடுகிறார்கள். தேறினால் முட்டை, சுணங்கினால் குழம்பு. எப்படியும் அது தட்டுக்குத்தான் வரப்போகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் கோழியின் மேல் இருப்பதே அபூர்வம். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத இந்தப் பூச்சி, பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. இருட்டியதும் கோழி மேல் ஏறும், வயிறு நிறைந்ததும் இறங்கிவிடும். பகல் முழுக்க அதன் குடியிருப்பு கூட்டின் பலகை இடுக்கு, கோழி அடையும் கம்பின் வெடிப்பு, கூடையின் பின்னல். முட்டையிடுவதும் அங்கேதான். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஒரு வாரம் போதும். குளிர்ச்சியான இடத்தில் இரையே இல்லாமல் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஆக, குற்றவாளி கூட்டில் சௌகரியமாகத் தூங்குகிறான், தண்டனை கோழிக்கு!

அடைக்கோழிதான் முதல் பலி. இருபத்தோரு நாள் ஒரே இடத்தை விட்டு நகராத கோழியை விடச் சுலபமான இரை செள்ளுக்கு எங்கே கிடைக்கும்? கடி தாங்காமல் எழுந்து போகும் கோழிக்கு "ராசியில்லாத கோழி" என்று பெயர் வைத்து விற்றுவிடுகிறார்கள். பூச்சி இருக்கும் கூடையிலேயே அடுத்த கோழியை அடை வைக்கிறார்கள். அதுவும் எழுந்துவிடுகிறது. ராசி கோழியிடம் இல்லை ஐயா, கூடையில் இருக்கிறது!

பழைய ஆட்களைக் கேட்டால் கெமாக்சின் பொடியைச் சொல்வார்கள். இறகுக்குள் தூவிய அந்தப் பொடியின் வகையில் பி.எச்.சி. 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. லிண்டேன் உற்பத்திக்கு 2011-இலும், பயன்பாட்டுக்கு 2013-இலும் தடை வந்தது. சும்மா தடை செய்யவில்லை. அது கொழுப்பில் தங்கும் விஷம். முட்டையில் கொழுப்பு இருப்பது மஞ்சள் கருவில்.

"கொஞ்சம்தானே, என்ன ஆகிவிடும்?" என்பவர்கள் 2017-இல் ஐரோப்பாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்து, பெல்ஜியம் நாட்டுப் பண்ணைகளில் இதே சிவப்புச் செள்ளை ஒழிக்க, தாவரச் சாறு என்று சொல்லி ஒரு மருந்தை அடித்தார்கள். அதில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அங்கே அனுமதிக்கப்படாத பூச்சிக்கொல்லி அது. முட்டையில் அது தெரியவந்ததும் கோடிக்கணக்கில் முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள், லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்றார்கள். அந்த முட்டைகள் 40-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருந்தது தெரியவந்தது.

அங்கே பரிசோதனை செய்தார்கள், பிடிபட்டது. புழக்கடை முட்டையை எந்த ஆய்வுக்கூடம் சோதிக்கிறது? "நாட்டுக்கோழி முட்டை, மருந்தில்லாதது" என்ற நம்பிக்கையில்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு கொடுப்பதும் அந்த முட்டையைத்தான். அந்த நம்பிக்கைக்குப் பருத்தி மருந்தா கைம்மாறு?

இன்னொரு கட்சி இருக்கிறது. "இயற்கை வைத்தியம்" கட்சி. கூடையில் நான்கு வேப்பிலை, ஒரு கொத்து நொச்சி போட்டதோடு இவர்கள் கடமை முடிந்தது. இலையைப் போடுவது தவறில்லை. அடியிலிருக்கும் பழைய வைக்கோலை மாற்றாமல் போடுவதுதான் தவறு. குப்பையின் மேல் பூ வைத்தால் குப்பை போய்விடுமா?

செய்ய வேண்டியது கூட்டுக்கு. முதலில் சோதனை: இரவில் கோழி அடைந்த பிறகு, கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் ரத்தக் கோடு விழும். விழுந்தால் மறுநாள் காலை கோழிகளை வெளியே விட்டு, பழைய வைக்கோலையும் மணலையும் வாரி எரிக்க வேண்டும், புதைக்க வேண்டும். இடுக்குகளைச் சுரண்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, வெயிலில் காய விட்டு, வெடிப்பு மூடும்படி சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை, ஏனென்றால் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். ஒரு தடவை செய்து "கேட்கவில்லை" என்று கைவிடுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

கோழிக்குத் தேவை புழுதிக் குளியல். உலர்ந்த மண்ணும் சலித்த சாம்பலும் நிழலில் ஒரு குழியில் இருந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். இது பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. கலிபோர்னியாவில் 2012-இல் வெளியான ஆய்வில், களிமண் பொடியோ கந்தகப் பொடியோ வைத்த புழுதிப் பெட்டிகளில் புரண்ட கோழிகளிடம் செள்ளும் பேனும் வெகுவாகக் குறைந்தன.

எல்லாப் பூச்சியும் கூட்டில்தான் என்பதும் இல்லை. பகலிலும் ஆசனவாயைச் சுற்றி இறகில் மொய்த்தால் அது உடம்பிலேயே குடியிருக்கும் வகை. அதற்குக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கோழிக்கென்று அனுமதித்த மருந்தை அவர் தருவார், எத்தனை நாள் முட்டையைத் தொடக்கூடாது என்றும் சொல்வார். உரக்கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பார்கள். இரண்டு காலைப் பொழுது, ஒரு அடுப்பு வெந்நீர், ஒரு கிலோ சுண்ணாம்பு. அவ்வளவுதான் செலவு. ஒரு மூடி மருந்துக்கு ஆகும் நேரம் இதைவிடக் குறைவுதான். ஆனால் மிச்சமாகும் அந்த நேரத்துக்கான விலையை, ஒன்றும் அறியாமல் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை கொடுக்கிறது.