மிச்ச வான்கோழியில் மணக்கும் ஸ்லோ குக்கர் சூப்... அந்த முதல் 2 மணி நேரம் முக்கியம்!

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். வேலைக்கும் படிப்புக்குமாகப் பிரிந்து போன பிள்ளைகள் அன்றைக்குப் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். மேஜை நடுவில் பொன்னிறமாக வறுத்த முழு வான்கோழி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரி சாஸ், பூசணி பை. அமெரிக்காவின் தேசிய வான்கோழிக் கூட்டமைப்பு சொல்லும் கணக்குப்படி, இந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் சுமார் 4.6 கோடி வான்கோழிகள் சமைக்கப்படுகின்றன.

விருந்து முடிந்ததும் எல்லோரும் சோபாவில் சாய்ந்து, டி.வி-யில் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மேஜையில் பாதி வான்கோழி அப்படியே இருக்கும். 6, 7 கிலோ பறவையை ஒரே வேளையில் தீர்க்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. வெள்ளிக்கிழமை அது சாண்ட்விச் ஆகும். சனிக்கிழமையும் சாண்ட்விச்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. எலும்புக்கூடோ முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும்.

உண்மையில், தூக்கி எறியப்படும் அந்த எலும்பில்தான் அடுத்த நாளைய ருசி இருக்கிறது. குளிருக்கு இதமாக, வேலையும் அதிகம் வைக்காமல் அதைச் சூப்பாக்கித் தருவது ஸ்லோ குக்கர். ஆனால், மெதுவாக வேகும் இந்தச் சூப்புக்கு முன்னால் வேகமாக முடிக்கவேண்டிய வேலை ஒன்று உண்டு.

ராத்திரி முழுக்க வேகும் பானை

ஸ்லோ குக்கர் என்பது, கனமான பீங்கான் பானையைச் சுற்றி மின்சாரச் சூடேற்றி வைத்து, மேலே கண்ணாடி மூடி போட்ட ஓர் எளிய கருவி. இதற்கான காப்புரிமையை 1940-ல் பெற்றவர் அமெரிக்கரான இர்விங் நாக்ஸன்.

இந்த யோசனைக்கு விதை போட்டது அவருடைய அம்மா சொன்ன கதை. லித்துவேனியாவில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் ஓய்வு நாளான சனிக்கிழமை அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சி, பீன்ஸ், கிழங்கு எல்லாம் சேர்த்த 'சோலன்ட்' பானையை ஊர் ரொட்டிக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைய வேலை முடிந்து அணைத்த அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே ராத்திரி முழுக்க அது வெந்து, மறுநாள் சாப்பாடு தயாராக இருக்கும். அதே வேலையை மின்சாரத்தில் செய்தது நாக்ஸனின் பானை. 1970-ல் ரைவல் நிறுவனம் இதை வாங்கி, 1971-ல் 'க்ராக்-பாட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய காலம் அது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சமையல் தயார் என்றதும், வீட்டுக்கு வீடு அந்தப் பானை நுழைந்துவிட்டது.

எலும்புச் சாறுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. எலும்பையும் மூட்டையும் ஒட்டியிருக்கும் கொலாஜன், நீண்ட நேரம் மிதமான சூட்டில் இருந்தால்தான் கரைந்து ஜெலட்டினாக மாறும். சூப்புக்கு உதட்டில் ஒட்டுகிற அந்தக் கொழகொழப்பைத் தருவது அதுதான்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்பு விதி எளிமையானது. சமைத்த இறைச்சி அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 4 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

இங்கேதான் பலரும் கணக்கைத் தவறவிடுகிறார்கள். அந்த 2 மணி நேரம், விருந்து முடிந்த பிறகு ஆரம்பிப்பதில்லை. ஓவனிலிருந்து பறவையை வெளியே எடுத்ததுமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவைத்து, வெட்டி, பரிமாறி, பேசிச் சிரித்துச் சாப்பிட்டு எழுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும்.

கவனிக்கவேண்டிய கிருமியின் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இதன் வித்துகள் சமையல் சூட்டையும் தாங்கி உயிரோடு இருக்கும். பெரிய பாத்திரத்தில் உணவு மெல்ல மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சி.டி.சி) மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இதனால் வயிற்றுக் கோளாறு வருகிறது. கும்பலாகப் பாதிக்கப்படுவது நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அதிகம். காரணம், பண்டிகைக் கால வான்கோழியும் மாட்டிறைச்சி வறுவலும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் பேதியும் வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும் என்றாலும், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கூடுதல் சிரமம்.

கெட்டுப்போன வாசனை வந்தால் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கிருமி பெருகியிருந்தாலும் வாசனையோ ருசியோ மாறாமல் இருக்கலாம்.

ஆகவே, பரிமாறத் தேவையானதை மட்டும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பறவையைச் சமையலறையிலேயே பிரிப்பது புத்திசாலித்தனம். சதையைத் தனியாக எடுத்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வயிற்றுக்குள் ஸ்டஃபிங் வைத்திருந்தால் அதை முழுவதுமாக எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். எலும்பை அன்று இரவே ஸ்லோ குக்கரில் ஏற்றிவிடலாம். ஒரே வேலையில் இறைச்சியும் பத்திரம், சூப்புக்கும் பிள்ளையார் சுழி போட்டாயிற்று.

தேவையானவை (6 முதல் 8 பேருக்கு)

*எலும்புச் சாறுக்கு:*
- சதை நீக்கிய வான்கோழி எலும்பு - ஒரு பறவையுடையது
- பெரிய வெங்காயம் - 1 (நான்காக நறுக்கியது)
- கேரட் - 2
- செலரித் தண்டு - 2
- பூண்டு - 4 பல்
- பிரிஞ்சி இலை - 2
- முழு மிளகு - 10
- வினிகர் - ஒரு டேபிள்ஸ்பூன்
- சூடான நீர் - சுமார் இரண்டரை லிட்டர்

*சூப்புக்கு:*
- வெங்காயம் - 1 (பொடியாக நறுக்கியது)
- கேரட் - 3
- செலரித் தண்டு - 3
- உருளைக்கிழங்கு - 2
- காய்ந்த தைம் இலை - அரை டீஸ்பூன்
- வெந்த வான்கோழிச் சதை - சுமார் 400 கிராம்
- முட்டை நூடுல்ஸ் - 150 கிராம்
- பார்ஸ்லி - ஒரு கைப்பிடி
- எலுமிச்சைச் சாறு - ஒரு டேபிள்ஸ்பூன்
- உப்பு, மிளகுத்தூள் - தேவைக்கு

செய்முறை: வியாழன் இரவு

எலும்பை மூன்று, நான்கு துண்டுகளாக உடைத்து, சுமார் 6 லிட்டர் கொள்ளும் ஸ்லோ குக்கரில் போடவும். வெங்காயம், கேரட், செலரி, பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகு, வினிகர் சேர்க்கவும். எலும்பு மூழ்கும் அளவு சூடான நீர் ஊற்றவும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பானை சூடேறவே வெகு நேரம் பிடிக்கும். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். பறவை பெரியதாக இருந்தால் பாதி எலும்பை ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

முதல் ஒரு மணி நேரம் 'ஹை'யில் வைத்து, பிறகு 'லோ'வுக்கு மாற்றி 8 முதல் 10 மணி நேரம் விடவும். உப்பு இப்போது வேண்டாம். கடையில் வாங்கும் வான்கோழிகள் பலவும் உப்புநீர் ஏற்றியவை. சாறு இறங்கிய பிறகு ருசி பார்த்துப் போட்டால் போதும்.

செய்முறை: வெள்ளி காலை

சாற்றை வடிகட்டி, எலும்பையும் வெந்து துவண்ட காய்களையும் நீக்கவும். சின்ன எலும்புத் துண்டுகள் தப்பிவிடும் என்பதால் நெருக்கமான வடிகட்டி அவசியம். மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடவும்.

பானையைக் கழுவி, அடியில் உருளைக்கிழங்கும் கேரட்டும், மேலே வெங்காயமும் செலரியும் போடவும். கிழங்கு வகைகள் வேக நேரமாகும். அதனால் அவற்றுக்கு அடியில் இடம். தைம் தூவி, சூடான சாற்றை ஊற்றி, 'ஹை'யில் 3 மணி நேரம் வைக்கவும். இடையில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளியேறும் சூட்டைப் பானை திரும்பப் பிடிக்க 20, 30 நிமிடங்கள் ஆகும்.

கடைசி அரை மணி நேரத்தில்தான் வான்கோழிச் சதை உள்ளே போக வேண்டும். அது ஏற்கெனவே வெந்தது. முதலிலேயே போட்டால் நார் நாராகப் பிரிந்து, வாயில் பஞ்சு போலாகிவிடும். தெர்மாமீட்டர் இருந்தால் சூப் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளவும். நூடுல்ஸைத் தனியாக வேகவைத்து, பரிமாறும்போது கிண்ணத்தில் சேர்க்கவும். பானையிலேயே போட்டு வைத்தால் மாலைக்குள் சாறு முழுவதையும் குடித்துவிடும்.

இறக்கும் முன் எலுமிச்சைச் சாறு, பார்ஸ்லி, மிளகுத்தூள், உப்பு. முந்தின நாள் விருந்தின் கனம் வயிற்றில் இருப்பவர்களுக்கு அந்தப் புளிப்பும் காரமும் ரொம்பவே இதம்.

ஊருக்கு ஒரு ருசி

மினசோட்டா மாநிலத்தில் நூடுல்ஸுக்குப் பதிலாக, அங்குள்ள ஏரிகளில் விளையும் காட்டரிசியைப் போட்டு, கடைசியில் க்ரீம் சேர்ப்பார்கள். லூசியானாவில் இதே எலும்புச் சாறு, மாவை எண்ணெயில் சிவக்க வறுத்துச் சேர்க்கும் 'கம்போ'வாக மாறும். சீன வம்சாவளிக் குடும்பங்கள் பல, இதில் அரிசியைக் குழைய வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவிக் கஞ்சியாக்கிவிடுகின்றன.

தமிழ் மணக்கும் ஒரு வழியும் உண்டு. ஆங்கிலேயர்கள் 'மல்லிகட்டாவ்னி' என்று அழைக்கும் சூப்பின் பெயர், நம் 'மிளகுத்தண்ணி'யிலிருந்து போனதுதான். மிச்ச வான்கோழியைத் தீர்க்க இன்றும் பல ஆங்கில வீடுகளில் அதுதான் வழி. மேலே சொன்ன சூப்பில் தைமுக்குப் பதில் மிளகு, சீரகம், மஞ்சள் சேர்த்து, இரண்டு கைப்பிடி மசூர் பருப்பையும் போட்டால் மிளகுத்தண்ணி தயார். ராஜ்மா போட விரும்புபவர்கள் மட்டும் கவனம்! ஊறவைத்த ராஜ்மாவை அடுப்பில் 30 நிமிடங்கள் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதிலிருக்கும் இயற்கை நச்சை ஸ்லோ குக்கரின் சூடு முறிக்காது.

இவற்றையும் கவனியுங்கள்!

* ஃப்ரீசரிலிருந்து எடுத்த எலும்பையோ இறைச்சியையோ நேராக ஸ்லோ குக்கரில் போட வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்து உறைநிலை போன பிறகே போடவும்.

* ஆள் இல்லாத நேரத்தில் கரன்ட் போய் வந்தது தெரிந்தால், சூப் வெந்தது போல் தெரிந்தாலும் கொட்டிவிடுவதுதான் நல்லது.

* மிஞ்சிய சூப்பைப் பானையோடு ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. நடுப்பகுதி ஆற வெகு நேரமாகும். சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைக்கவும்.

* மறுபடி சூடாக்க ஸ்லோ குக்கர் ஏற்றதல்ல. அடுப்பில் கொதி வரும் வரை சூடாக்கவும்.

* ஃப்ரிட்ஜில் வைத்த சாறு மறுநாள் ஜெல்லி போல் இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம். ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சூடாக்கினால் இளகிவிடும்.

* ஃப்ரிட்ஜில் வைத்த வான்கோழியும் சூப்பும் 3, 4 நாள்கள் வரைதான் தாங்கும். ஃப்ரீசரில் என்றால் சூப்பை 2, 3 மாதங்கள் வரை வைக்கலாம். நூடுல்ஸும் உருளைக்கிழங்கும் உறைந்தால் குழைந்துவிடும் என்பதால், அவை சேர்க்காமல் உறையவைப்பது நல்லது.

* ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள், அடி கனமான பாத்திரத்தில் மிகச் சிறு தீயில் 3, 4 மணி நேரம் எலும்பை வேகவிடலாம். முழுக் கோழியை வறுத்துச் சாப்பிட்ட பிறகு மிஞ்சும் எலும்புக்கும் இதே முறைதான். தண்ணீர் மட்டும் பாதியாகக் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் காரில் திரும்பக் கிளம்பும்போது, உறையவைத்த சூப் டப்பா ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடலாம். டிசம்பர் குளிரில் ஒரு நாள் இரவு, தனியாகச் சமைக்க அலுப்பாக இருக்கும்போது அம்மா வீட்டுச் சாப்பாடு ஒரு வேளைக்குக் கைவசம் இருக்கும்.