ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும்? விவசாயிகளும் சொல்லலாம்

நெல் வயலில் தண்ணீரைத் தேக்கியே வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் மீத்தேன் குறையும் என்று வேளாண் துறையினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சரியான யோசனைதான். ஆனால், அதே வயல் மனைப்பிரிவாக மாறினால் காற்றில் கலக்கும் வாயு கூடுமா, குறையுமா? இதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து தண்ணீர் நிற்கும் வயலில், தெற்காசியாவுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் அளவின்படி, 110 நாள் பயிருக்கு ஏக்கருக்குச் சுமார் 38 கிலோ மீத்தேன் வெளியாகிறது. இது ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். இரண்டு போகம் என்றால் 2 டன். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் இதில் 40 சதவீதத்துக்கு மேல் குறைக்கலாம்.

இப்போது அந்த ஏக்கரில் சாலைக்கும் பூங்காவுக்கும் போக 20 வீடுகள் வருவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பஸ் வசதி இல்லை. வீட்டுக்கு ஒருவர் 30 கி.மீ. தொலைவில் உள்ள வேலைக்கு பைக்கில் போய் வருகிறார். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடினாலும், ஆண்டுக்கு 300 நாளில் அவருக்கு 400 லிட்டர் பெட்ரோல் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஆக, ஒருவருக்கு 920 கிலோ. 20 வீட்டுக்கு 18 டன்னுக்கு மேல். மின்சாரம், சிமென்ட் எதையும் இதில் சேர்க்கவில்லை.

வீடே கட்டக்கூடாது என்பதல்ல இதன் பொருள். அதே 20 வீடுகள் வேலைக்கு 5 கி.மீ. தொலைவில் அமைந்தால், 18 டன் 3 டன்னாகச் சுருங்கும். பஸ் கிடைத்தால் இன்னும் குறையும். வீடு எங்கே வருகிறது என்பதுதான் விஷயம்.

கலிஃபோர்னியாவில் நடந்தது

இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம். 2008-ல் அப்போதைய ஆளுநர் ஆர்னால்டு சுவார்செனெகர் கையெழுத்திட்ட 375-வது மசோதாவின்படி, அங்குள்ள 18 பெருநகர மண்டலங்களும் வீடு, வேலை, போக்குவரத்து மூன்றையும் ஒரே திட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கார் பயணத்தால் வரும் வாயுவைத் தலைக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மாநிலக் காற்று வள வாரியம் இலக்கு வைக்கும். 2005-ஐ ஒப்பிட 2035-க்குள் 19 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது பெரிய மண்டலங்களுக்கு 2018-ல் உயர்த்தப்பட்ட இலக்கு.

விளைநிலத்துக்கு இதில் என்ன தொடர்பு? அங்குள்ள யோலோ மாவட்டத்தில் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, நகரமான ஓர் ஏக்கரிலிருந்து வரும் வாயு, பாசன நிலத்தின் ஓர் ஏக்கரைப் போல 70 மடங்கு இருந்தது. இதனால், தொழிற்சாலைகள் செலுத்தும் கார்பன் ஏலப் பணத்தின் ஒரு பகுதி விளைநிலத்தைக் காக்கச் செலவாகிறது. விருப்பமுள்ள விவசாயி, தன் நிலத்தை மனையாக மாற்றும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுத்துப் பணம் பெறலாம். நிலம் அவருடையதே, பயிர் செய்யலாம், விளைநிலமாக விற்கலாம்.

திட்டம் முழுதாகப் பலித்ததா? இல்லை. தலைக்குக் கார் ஓட்டும் தூரம் குறையாமல் கூடிவருகிறது என்று காற்று வள வாரியமே 2018 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. மண்டலத் திட்டம் என்ன சொன்னாலும், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளூர் நகராட்சிகளிடமே இருப்பது முக்கியக் காரணம். தாளில் இருக்கும் திட்டம் மட்டும் நிலத்தைக் காப்பாற்றாது.

நம் வயலுக்கு வரும்போது

சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கி.மீ. என்பதிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிக்கப்படும் என 2022-ல் அரசாணை வந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் ஏரிப்பாசனக் கிராமங்களும் இதில் வருகின்றன. வேறு பல நகரங்களுக்கும் புதிய முழுமைத் திட்டங்கள் தயாரிக்கப்படுகின்றன.

நல்ல விலை கிடைத்தால் விற்கலாம் என நினைக்கும் விவசாயியைக் குறை சொல்ல முடியாது. விளைச்சலில் கிடைக்காத பணம் மனையில் கிடைக்கிறது. ஆனால், நஞ்சையின் நடுவே ஒரு மனைப்பிரிவு வந்தால் வாய்க்கால் அடைபடும், வடிகால் தடைபடும், கழிவுநீர் வயலுக்கு வரும், அறுவடை இயந்திரம் போக வழியிருக்காது. விற்றவர் போய்விடுவார், விற்காதவர் மாட்டிக்கொள்வார். எனவே பேச வேண்டியது மனை விழுந்த பிறகு அல்ல, வரைபடம் தயாராகும்போதே.

• முழுமைத் திட்டம் இறுதியாகும் முன் வரைவை வெளியிட்டு ஆட்சேபனை கேட்க வேண்டும் என்பது 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே உள்ளது. உங்கள் புல எண் எந்த நிலப் பயன்பாட்டில் காட்டப்பட்டுள்ளது என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் பாருங்கள். சென்னைப் பகுதியினர் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் கேட்கலாம்.

• ஏரி, வரத்துக் கால்வாய், பாசன வாய்க்கால், களம் ஆகியவற்றைப் புல எண்ணோடு எழுதி, குறித்த நாளுக்குள் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

• ஆயக்கட்டு நஞ்சையை விவசாயப் பகுதியாகவே வைக்கவும், புதிய வீடுகளை ரயில் நிலையம், பஸ் நிலையம் அருகே அமைக்கவும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்யுங்கள்.

• வேளாண் விரிவாக்க அலுவலர்கள் தங்கள் வட்டாரத்தின் ஆயக்கட்டுப் புல எண்களைத் தொகுத்துக் கொடுத்தால், விவசாயிகளின் மனுவுக்கு வலு கூடும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் ஓர் ஏக்கரில் ஒரு போகத்துக்கு அரை டன் அளவுக்கு வாயுவைக் குறைக்க முடியும். அந்த ஏக்கரைச் சிதறாமல் காத்தால் அதைப் போலப் பல மடங்கு மிச்சமாகும். கால நிலைக்காக விவசாயியிடம் உழைப்பைக் கேட்கும் அரசு, திட்டம் போடும்போது அவருடைய பேச்சையும் கேட்க வேண்டும்.