விழுந்தது யார் வீட்டுக்கு?

பட்டினப்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு அருகே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மீன் விற்றுத் திரும்பிய பெரியவர் ஒருவர் சொன்னார்: “லாட்டரி இருந்தவரைக்கும் தினமும் ஒரு நம்பிக்கை இருந்துச்சு சார்.” பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய சீட்டுகளும், ‘நாளை குலுக்கல்’ என்று அலறிய ஒலிபெருக்கியும் எனக்கும் நினைவுக்கு வந்தன. 1968-இல் அண்ணா ஆட்சியில் தொடங்கியது தமிழக அரசுப் பரிசுச்சீட்டு. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அன்றைய முழக்கம். இது புதிய யோசனையும் அல்ல. கல்கத்தா டவுன் ஹாலையே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் லாட்டரிப் பணத்தில்தான் கட்டினார்கள். ஆனால், நாட்டுக்குப் போன ரூபாய் யாருடையது? பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகளுடையது. நாளடைவில் வெளிமாநிலச் சீட்டுகளும் ஒற்றை இலக்கச் சூதாட்டமும் கூலியை அன்றைக்கன்றே விழுங்கின. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரிக்குத் தடை விதித்தது, நல்ல முடிவு. ஆனால், அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனம் கையில் எடுத்தது! கேரளம் 1967-இல் தொடங்கிய லாட்டரித் துறையை இன்றும் நடத்துகிறது. ‘காருண்யா’ சீட்டின் வருவாயில் ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்தது. அதைக் காட்டி இங்கும் லாட்டரி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏழையின் மருத்துவச் செலவை ஏழையின் ஆசையிலிருந்தே வசூலிப்பது நலத்திட்டம் அல்ல. இருப்பவரிடம் வரி வாங்குங்கள்; இல்லாதவரிடம் கனவு விற்காதீர்கள்.