ஊருக்குள் இடம் இருக்கிறது

“நாகர்கோவிலுக்குள்ள இனி இடம் கிடையாது, ஏலாவுல மண்ணடிச்சாத்தான் வீடு.” ஏலா என்னும் நெல்வயல் பரப்பை நிரப்பி மனையாக்க மனைத் தரகர்கள் சொன்ன பேச்சு இது. இப்போது வயல்காரர்களே சொல்கிறார்கள். அதுதான் வேதனை.

முதல் சான்றாக மக்கள் நெருக்கத்தைக் காட்டுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மாநிலச் சராசரி 555. உண்மைதான். ஆனால் அதே கணக்கெடுப்பில், பத்தாண்டில் மாநில மக்கள்தொகை 15.6 விழுக்காடு கூடியபோது இங்கே கூடியது 11.6 மட்டுமே. நெருக்கம் மிகுந்த மாவட்டத்தில் தலைக்குக் கிடைக்கும் நிலமே குறைவு, இருக்கும் வயலை இழக்க முடியாது என்பதும் அந்த 1,111 என்ற எண்ணுக்குள் இருக்கிறது.

நகரம் நிறைந்துவிட்டதா? கோட்டாற்றிலும் வடசேரியிலும் முடுக்குகளுக்குள் நடந்து பாருங்கள். ஒற்றைத்தள ஓட்டு வீடுகள், பூட்டிக் கிடக்கும் வீடுகள். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் குடியிருப்புக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. ஆக 4,356 சதுர அடிவரை கட்டலாம். இன்று அங்கே 900 சதுர அடி வீடு ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். பக்க இடைவெளி, வண்டி நிறுத்தம், படிக்கட்டு எல்லாம் கழித்தாலும் இரண்டு மூன்று குடும்பங்கள் குடியிருக்கலாம்.

“காகிதக் கணக்கு! யார் இடித்துக் கட்டுவார்?” என்பார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. தாய்வழியில் இறங்கிவந்த மருமக்கள்வழிச் சொத்தைப் பாகம் பிரிக்க 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வழிவிட்டது. ஆனாலும் எந்தச் சமூகமானாலும் கூட்டுப்பட்டாவும் பாகப்பிரிவினை வழக்கும் இன்றும் பல வீடுகளைப் பூட்டியே வைத்திருக்கின்றன. பங்காளி ஒருவர் வளைகுடாவில், ஒருவர் சென்னையில். அதனால் மொத்த மனையை இரண்டால் பெருக்கிக் காட்டுவதை நானும் ஏற்கமாட்டேன். பத்தாண்டில் எத்தனை வீடுகள் உண்மையில் மாறும் என்பதே எனக்கு வேண்டிய எண். அதற்கான தரவு கைவசம் இருக்கிறது. சொத்துவரிப் பதிவேடு பரப்பையும் பயன்பாட்டையும் சொல்லும். மாதக்கணக்கில் மின்சாரம் ஓடாத வீட்டை மின்வாரியக் கணக்கு காட்டிக்கொடுக்கும். எந்த வேகத்தில் பழைய வீடுகள் புதிதாகின்றன என்பதைக் கட்டட அனுமதிகள் சொல்லும். மாநகராட்சியின் 52 வார்டுகளிலும் இம்மூன்றையும் சேர்த்து எண்ணியபிறகு இடமில்லை என்று சொல்லட்டும், கேட்கிறேன்.

கடைசி வாதம், நெல்லில் லாபமில்லை என்பது. லாபம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் வாய்க்கால் வழியே, வயலுக்கு வயல் இறங்கிப் போகிறது. நடுவில் ஒருவர் மண்ணடித்தால் கீழே உள்ளவருக்கு மடை அடைபடும். மழைக்காலத்தில் அதே நீர் வடிய வழியின்றி நிற்கும். இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைவித்தவர் ஒரு பூவுக்கும் தண்ணீர் இல்லாமல் தவித்து, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார். அவர் விற்றதையே, விவசாயம் செத்துவிட்டது என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நம் முன் வைக்கிறார்கள்.