கார்ப்பல் டனல் அறுவை: சிறிய துளையே சிறந்த முறையா?

பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிய தொம்மலூரில், மென்பொருள் வளாகங்களில் நாள்முழுதும் விசைப்பலகையில் கைவைத்து உழைப்போரையும், அதே வட்டாரத்தின் குறுந்தெருக்களில் தையல், கட்டட வேலை, வீட்டு வேலை ஆகியவற்றால் பிழைப்போரையும் ஒருசேரப் பிடிக்கக்கூடிய நோய் கார்ப்பல் டனல் சின்ட்ரோம். இதற்கான அறுவை பற்றிப் பேச்சு எழும்போது, கேமராவை உள்ளே செலுத்திச் செய்யும் எண்டோஸ்கோப் முறையே புதியது, பாதுகாப்பானது, சில நாள்களில் வேலைக்குத் திரும்ப வைப்பது என்றும், உள்ளங்கையைக் கீறிச் செய்யும் திறந்த முறை காலாவதியாகிவிட்டது என்றும் நகரங்களில் உறுதியாகச் சொல்லப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்துள்ள ஆய்வுச் சான்றுகள் இக்கருத்துக்குத் துணைநிற்கவில்லை.

மணிக்கட்டின் உட்புறத்தில் எட்டுச் சிற்றெலும்புகள் தரையாகவும் பக்கச் சுவராகவும் அமைய, அவற்றின்மேல் கூரைபோல் குறுக்காக ஓடும் தடித்த வெண்ணிறப் பட்டைக்குக் கீழே உள்ள ஒடுங்கிய வழியே கார்ப்பல் டனல் எனப்படுகிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் இவ்வழியாகவே கைக்குள் நுழைகின்றன. உள்ளே அழுத்தம் கூடும்போது தசைநாண்கள் தாங்கிக்கொள்ள, நரம்பு தாங்குவதில்லை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மரத்துப்போக, சுண்டுவிரல் மட்டும் தப்பிவிடுவதும், நள்ளிரவில் விழித்து எழுந்து கையை உதறினால் சற்று இதமாவதும் இந்நோயின் அடையாளங்கள். நோய் முற்றினால் பெருவிரலின் அடிமேட்டுத் தசை வற்றி, சட்டைப் பொத்தானைப் போடுவதுகூடக் கடினமாகிறது.

சிறிய துளையில் செய்வதால் குணம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது முதல் வாதம். எம்முறையானாலும் அறுக்கப்படுவது அந்த ஒரே குறுக்குப் பட்டைதான் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. ஜேம்ஸ் லியர்மந்த் 1933இல் பதிவுசெய்த அறுவையிலும், 1980களின் இறுதியில் ஜப்பானில் ஒகுட்சுவும் அமெரிக்காவில் சௌவும் அறிமுகப்படுத்திய எண்டோஸ்கோப் அறுவையிலும், பட்டை முழுவதும் பிரிந்து நரம்பின்மேல் உள்ள அழுத்தம் நீங்குவதே குணத்துக்குக் காரணம். தோலில் உள்ள வாயிலின் அளவு நரம்புக்குத் தெரியாது. ஸ்வீடனில் வேலையில் இருந்த 128 நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது எண்டோஸ்கோப் பிரிவினருக்குத் தழும்பிலும் உள்ளங்கையிலும் வலி சற்றுக் குறைவாக இருந்ததேயன்றி, நோய்க்குறிகள் தணிந்ததில் வேறுபாடு இல்லை. அதே நோயாளிகளை 11 முதல் 16 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோதும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். திறந்த முறை காலாவதியானது என்போர் விடைசொல்ல வேண்டிய முடிவு இது.

சில நாள்களில் அலுவலகத்துக்குத் திரும்பலாம் என்னும் இரண்டாவது வாதத்தில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 28 ஆய்வுகளையும் 2,586 கைகளையும் தொகுத்து 2014இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட திறனாய்வின்படி, எண்டோஸ்கோப் முறையில் அறுவை செய்துகொண்டோர் சராசரியாக எட்டு நாள் முன்னதாக வேலைக்குத் திரும்பினர். அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு எட்டு நாள் சிறிதன்று. ஆயினும் மேற்சொன்ன ஸ்வீடன் ஆய்வில் இரு பிரிவினரும் வேலைக்கு வராதிருந்த காலத்தின் இடைநிலை அளவு ஒன்றாகவே, அதாவது 28 நாளாகவே, இருந்தது. வேலைக்குத் திரும்பும் நாளைத் தழும்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. செய்யும் வேலை எத்தகையது, விடுப்புக்குச் சம்பளம் உண்டா, மருத்துவர் எவ்வளவு எச்சரிக்கையாக அறிவுரை கூறுகிறார் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தட்டச்சு செய்பவர் திரும்பும் நாளில் சுத்தியல் பிடிப்பவர் திரும்ப இயலாது. மேலும், பட்டை அறுபட்டபின் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இரு ஓரங்களிலும் ஊன்றும்போது எழும் வலி, தோலைக் கீறியதால் மட்டுமன்றி எலும்புகளை இழுத்துக்கட்டியிருந்த பட்டை விட்டுப்போவதாலும் வருவதாகக் கருதப்படுகிறது. ஆகவே அது இரு முறைகளிலும் தோன்றக்கூடும்.

கேமரா இருப்பதால் ஆபத்துக் குறைவு என்பது மூன்றாவது வாதம். மிகக் கவனமாக மறுக்க வேண்டியதும் இதுவே. திறந்த முறையில், தோலையும் மஞ்சள் கொழுப்பையும் விலக்கி, வெண்பட்டையை இழை இழையாகப் பிரிக்கும் மருத்துவரின் கண்முன் மீடியன் நரம்பு நேரடியாகத் தெரிகிறது. நெடுநாள் நசுங்கிய நரம்பு, அழுத்தம் பட்ட இடத்தில் உடுக்கையின் இடைபோல் இடுங்கி, அதற்கு மேற்புறம் சற்றே வீங்கியிருப்பதை அவர் காண்கிறார். எண்டோஸ்கோப் முறையில் அவர் காண்பது பட்டையின் அடிப்புறத்தை மட்டுமே. பெருவிரல் தசைக்குச் செல்லும் சிறுகிளை எல்லாருக்கும் ஒரே இடத்தில் பிரிவதில்லை. சிலருக்கு அது பட்டையைத் துளைத்துக்கொண்டே செல்கிறது. அக்கிளை அறுபட்டால் பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் ஆற்றலே போய்விடும். நிலையான நரம்புச் சேதம் இரு முறைகளிலும் அரிது. ஆனால் சில காலம் நீடித்து மறையும் மரப்பும் கூச்சமும் எண்டோஸ்கோப் முறையில் கூடுதல் என்றும், தழும்புத் தொல்லைகள் திறந்த முறையில் கூடுதல் என்றும் அதே காக்ரேன் திறனாய்வு காட்டியது. ஒன்றில் தழும்பு, மற்றொன்றில் தற்காலிக நரம்புத் தொல்லை என்று நிற்கும் இக்கணக்கைப் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் மூடுவது நேர்மையாகாது. உட்காட்சி தெளிவாகக் கிடைக்காவிட்டால் இடையிலேயே திறந்த முறைக்கு மாறுவதுதான் முறையான நடைமுறை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திறந்த முறையில் தேர்ச்சி இல்லாதவர் எண்டோஸ்கோப்பைத் தொடக்கூடாது என்பது விளங்கும்.

திறந்த அறுவை என்றால் முழு மயக்கமும் மருத்துவமனையில் தங்கலும் வேண்டும் என்ற அச்சத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறையில், மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினுடன் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினைச் சேர்த்து உள்ளங்கையில் ஊசியாகப் போடுவதால், புயத்தில் இறுகக் கட்டும் காற்றுப்பட்டையும் வேண்டியதில்லை. நோயாளி விழித்தபடியே மருத்துவருடன் பேசிக்கொண்டிருந்துவிட்டு அன்றே வீடு திரும்புகிறார். எண்டோஸ்கோப்புக்கான தனிக் கருவியும் ஒருமுறை மட்டும் பயன்படும் கத்தியும் தேவைப்படாததால் செலவும் குறைகிறது.

எந்த அறுவை என்ற கேள்விக்கு முன்பே கேட்க வேண்டியவை உண்டு. விசைப்பலகையே இந்நோயைத் தருகிறது என்ற நம்பிக்கைக்குச் சான்று வலுவற்றது; நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, உடற்பருமன், கர்ப்பம், அதிரும் கருவிகளை இறுகப் பிடிக்கும் வேலை ஆகியவற்றுக்கே தொடர்பு வலுவாகத் தெரிகிறது. நம் நாட்டில் தொழுநோயும் இதே நரம்பை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தாக்கக்கூடும் என்பதால் தோலில் உணர்வற்ற தேமல் உண்டா என்று பார்க்காமல் கத்தி எடுக்கக்கூடாது. தொடக்க நிலையில் இரவில் அணியும், மணிக்கட்டை அசையாமல் தாங்கும் ஸ்ப்ளின்ட்டே பலருக்குப் போதும்: 2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 18 மாத முடிவில் திறந்த அறுவை செய்துகொண்டோரில் 90 விழுக்காட்டினரும், ஸ்ப்ளின்ட்டில் தொடங்கியோரில் 75 விழுக்காட்டினரும் தேறியிருந்தனர்.

இரு கைகளையும் உடனே பயன்படுத்தியாக வேண்டியவரும், உள்ளங்கைத் தழும்பை ஏற்க இயலாதவரும், எண்டோஸ்கோப்பில் நல்ல பழக்கமுள்ள மருத்துவர் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மற்றவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது எந்தக் கருவி என்பதையன்று. இந்த அறுவையை அவர் எத்தனை முறை செய்திருக்கிறார், அவர் கைக்கு நன்கு பழகிய முறை எது என்பதையே. பெருவிரல் மேடு வற்றத் தொடங்கியவர்கள் அந்த ஒப்பீட்டிலும் நாளைக் கடத்தாமல் உடனே செல்ல வேண்டும்; முற்றிலும் வற்றிய தசை, எம்முறையில் அறுவை செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.