பழைய ரிசீவரும் புதிய சங்கீதமும்

கூடத்தில் ஐந்தாறு ஒலிபெருக்கிகளுடன் கம்பீரமாக வீற்றிருந்த ஹோம் தியேட்டர் ரிசீவர், இன்டர்நெட் சங்கீதத்தைப் பெறும் வசதியில்லை என்ற ஒரே குற்றத்திற்காகப் பல வீடுகளில் மூலைக்குத் தள்ளப்படுகிறது. அதை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதே வழி என்பது வியாபாரிகளின் உபதேசம். அவ்வுபதேசம் தவறானது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

ரிசீவரின் பிரதான வேலை ஒலியைப் பெருக்குவது. அந்தச் சக்தி பத்து வருஷங்களில் மூப்படைந்து விடுவதில்லை. விரைவில் மூப்படைவது இன்டர்நெட்டிலிருந்து பாட்டைப் பெற்றுத் தரும் பகுதியே. நீடித்து உழைப்பதையும் சீக்கிரம் மாறுவதையும் ஒரே பெட்டியில் பூட்டி வைப்பானேன்? ஸ்ட்ரீமிங் கருவி ஒன்றைத் தனியே வாங்கி, ரிசீவரின் பின்புறமுள்ள ஆர்.சி.ஏ. அல்லது ஆப்டிகல் துவாரத்தில் இணைத்தால் காரியம் முடிந்தது.

ஆனால் மலிவு ஒன்றே போதுமா? கூகிள் கம்பெனி 2015-ல் 35 டாலருக்கு வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ இப்பணியைச் செவ்வனே செய்தது. 2019-ல் அதன் விற்பனைக்கு முடிவு கட்டப்பட்டது. 2025 மார்ச்சில் மின்சான்று ஒன்று காலாவதியாகவே, பழுதில்லாத கருவிகள் திடீரென ஊமையாயின. கம்பெனி சில தினங்களில் பரிகாரம் செய்தது உண்மையே. எனினும், நம் வீட்டுச் சங்கீதத்தின் சாவி பிறர் கையில் இருந்ததை யார் மறுக்க முடியும்?

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. லாஜிடெக் கம்பெனி ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளை 2012-ல் கைவிட்டது. அவற்றிற்கான இன்டர்நெட் சேவையையும் 2024-ல் மூடிவிட்டது. ஆயினும் அவை மடியவில்லை. அவற்றை இயக்கும் சர்வர் மென்பொருளின் மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்தபடியால், தொண்டர்கள் அதை லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் பேணி வருகிறார்கள்.

2021-ல் 15 டாலருக்கு வெளிவந்த ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்னும் சிறு கம்ப்யூட்டரில், இலவசமாய்க் கிடைக்கும் பைகோர்பிளேயரை ஏற்றினால், அதுவே ஒரு ஸ்க்வீஸ்பாக்ஸாகப் பணிபுரியும். ஒலிப் பலகைக்கும் மெமரி கார்டுக்கும் சிறிது செலவு உண்டு. ஒரு மாலைப்பொழுது பொறுமையும் வேண்டும். அந்த உழைப்பு வீணாகாது.

ஆகவே, கருவி வாங்குமுன் விலையை மட்டும் விசாரித்தால் போதாது. விற்றவர் கைவிட்டால் இதைக் காக்கும் உரிமை நமக்கு உண்டா என்பதையும் விசாரிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.