ஐந்து வாக்குகளில் பறிபோன மண்

1830 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 102, எதிர்ப்பு 97. மிஸிஸிப்பி நதிக்குக் கிழக்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் போட்டு, அவர்களை நதிக்கு மேற்கே அனுப்ப அதிபருக்கு அதிகாரம் தந்த மசோதா அது. மே 28 அன்று அதில் கையெழுத்திட்டவர் ஏழாவது அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன். சாமானியர்களின் தலைவர் என்று அந்த நாடு நெடுங்காலம் கொண்டாடிய மனிதர்.

அவர் பட்ட துயரமும் சிறியதல்ல. 1767இல் கரோலினா எல்லைப்புறத்தில் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே தகப்பன் இறந்துபோனார். விடுதலைப் போரின்போது சிறுவனாகப் பிடிபட்டவர், ஆங்கிலேய அதிகாரியின் காலணியைத் துடைக்க மறுத்ததால் வாள்வெட்டு வாங்கினார். தழும்பு கடைசிவரை இருந்தது. 14 வயதுக்குள் இரண்டு அண்ணன்களும் தாயும் போய்விட்டார்கள். அங்கிருந்து வழக்கறிஞராகி, தளபதியாகி, 1815இல் நியூ ஆர்லியன்ஸில் ஆங்கிலேயப் படையை முறியடித்து, 1829இல் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார். டென்னஸியில் அவருக்கிருந்த பருத்திப் பண்ணையில் உழைத்தவர்கள் அடிமைகள். 1804இல் தப்பியோடிய ஓர் அடிமையைப் பிடித்துத் தருபவருக்கு 50 டாலர் தருவதாகவும், ஒவ்வொரு 100 கசையடிக்கும் 10 டாலர் கூடுதலாகத் தருவதாகவும் அவர் கொடுத்த விளம்பரம் ஆவணமாக இருக்கிறது.

ஜாக்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தட்டு வைத்து நிறுப்பார்கள். ஏழை வெள்ளையர்களை அரசியலுக்குள் கொண்டுவந்ததும் பணக்காரர்களின் வங்கியை எதிர்த்ததும் ஒரு தட்டில். பூர்வகுடிகளை விரட்டியது மறு தட்டில். இந்த நிறுவை எனக்கு ஒப்பவில்லை. இரண்டும் ஒரே அரசியல். சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்ற விதியை அந்தக் காலத்தில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. புதிதாக ஓட்டுரிமை பெற்ற வெள்ளை ஆண்கள் பலர் நிலத்துக்கு ஏங்கினார்கள். தென்மாநிலங்களில் பருத்தி நல்ல விலைக்குப் போனது. ஜார்ஜியாவில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தை ஒட்டித் தங்கமும் கிடைத்தது. ஓட்டு இருந்தவர்கள் கேட்டார்கள். ஓட்டு இல்லாதவர்களின் மண்ணை எடுத்து ஜாக்சன் கொடுத்தார். அவருடைய ஜனநாயகத்துக்கு முதலீடே அந்த மண்தான்.

செரோக்கிகளிடம் வெள்ளையர் 'நாகரிகமாகுங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செரோக்கிகள் செய்யாதது என்ன? செக்வோயா என்பவர் தனியாளாகத் தன் மொழிக்கு எழுத்து உருவாக்கினார். 1827இல் அரசமைப்புச் சட்டம் எழுதினார்கள். 1828இல் சொந்த எழுத்தில் செய்தித்தாள் அச்சிட்டார்கள். 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் ஜாக்சனோடு தோள் சேர்ந்து போரிட்டவர்களும் அவர்களில் உண்டு. விரட்டப் பார்த்தபோது ஆயுதம் எடுக்காமல் வழக்குத் தொடுத்தார்கள். செரோக்கி மண்ணில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். 'தீர்ப்பு சொன்னவரே அதை நிறைவேற்றிக்கொள்ளட்டும்' என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் சொன்னதற்கு உறுதியான சான்று இல்லை. சொல்லியிருக்கவே வேண்டாம், அந்தத் தீர்ப்புக்காக அவர் துரும்பைக்கூட அசைக்கவில்லை. அதே ஆண்டு, மத்திய அரசின் சுங்கவரி தங்களுக்குச் செல்லாது என்று தென் கரோலினா அறிவித்தபோது, படையை அனுப்புவேன் என்று எச்சரித்து அதைப் பணியவைத்தார். ஒரு மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் வலு அவரிடம் இருந்தது. ஜார்ஜியாவிடம் அதைக் காட்ட அவருக்கு மனம் இல்லை.

வங்கி விவகாரத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. தேசிய வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை 1832இல் நிராகரித்தார். 1835இல் நாட்டின் கடன் முழுவதும் அடைந்தது. 1837இல் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்தக் காயம் ஆறிவிட்டது. மண் பறித்த காயம் ஆறவில்லை.

1835 டிசம்பரில் மக்களின் ஒப்புதல் பெறாத ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி, அதையே செரோக்கிகளின் ஒப்பந்தம் என்றது அரசு. தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானோரின் கையொப்பங்களோடு எதிர்ப்பு மனு அனுப்பினார். ஆனாலும் மேலவை அந்த ஒப்பந்தத்தை ஏற்றது. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தாலும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது. 1838இல், ஜாக்சனின் வாரிசான வான் பியூரன் ஆட்சியில், துப்பாக்கியோடு வந்த படைவீரர்கள் குடும்பம் குடும்பமாக வீட்டிலிருந்து இழுத்துவந்து அடைப்பு முகாம்களில் நிறுத்தினார்கள். பெரும்பாலானோர் குளிர்காலத்தில் மேற்கே நடந்தார்கள். சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் இறந்ததாகப் பரவலாகக் கணக்கிடுகிறார்கள். கண்ணீர்ப் பாதை என்று வரலாறு அதை அழைக்கிறது.

ஜாக்சன் ஒரு கிரீக் பழங்குடிக் குழந்தையை எடுத்து வளர்த்தவர். 1813இல் அவருடைய படையே அந்தக் குழந்தையின் ஊரை அழித்திருந்தது. அநாதையாக வளர்ந்தவரின் மனம் அந்த ஒரு குழந்தைக்காக இளகியிருக்கலாம். ஆட்சியாளரை எடைபோட அந்த இளக்கம் போதாது.

சட்டம், வாக்கெடுப்பு, ஒப்பந்தம் என ஜனநாயகத்தின் கருவிகளைக் கொண்டே ஜாக்சன் இந்த மண்பறிப்பைச் செய்தார் என்பதுதான் அவர்மீதான முதல் குற்றச்சாட்டு. 1928 முதல் அமெரிக்காவின் 20 டாலர் நோட்டில் அவருடைய முகம் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து தப்பி, மற்றவர்களையும் மீட்ட ஹாரியட் டப்மனின் படத்தை அந்த இடத்தில் வைக்கப்போவதாக 2016இல் அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை அமெரிக்கா இனியும் தள்ளிப்போடாமல் நிறைவேற்ற வேண்டும்.